எடுத்தவர் பெயர்: சிங்கப்பூரின் வணிகப் புகைப்படக் கலையும் அதற்குரிய அங்கீகாரமும்

விஷயத்தின் எல்லை

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தையிலிருந்து ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் வரை சிராங்கூன் சாலை வழியே நடப்பவர், அறிந்தும் அறியாமலும் கடந்து செல்லும் புகைப்படங்களுக்குக் கணக்கில்லை. நகைக் கடையின் முகப்பில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மணமகள், ஜவுளிக் கடை வாயிலில் மடிப்புக் கலையாமல் விரிந்திருக்கும் காஞ்சிப் பட்டு, உணவகத்துச் சுவரில் ஆவி பறக்கும் மீன் தலைக் கறி, பணம் அனுப்பும் நிலையத்துப் பலகையில் குடும்பத்தோடு சிரிக்கும் தொழிலாளி என்று, அந்தச் சாலையின் வியாபாரம் பெரும்பாலும் படங்களின் வழியாகவே வாடிக்கையாளரோடு பேசுகிறது. கடையின் பெயர் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. பொருளின் பெயர் இருக்கிறது. சில வேளைகளில் விலையும் இருக்கிறது. அந்தக் காட்சியை முதலில் மனத்தில் கண்டு, ஒளியை அமைத்து, உரிய கணத்தில் பிடித்துத் தந்தவரின் பெயரைத் தேடினால் மட்டும் அநேகமாக எங்கும் அகப்படுவதில்லை.

ஒருவர் கேட்டுக்கொண்டபடி, கூலி பெற்றுக்கொண்டு, ஒரு பொருளை விற்பதற்கோ ஒரு குடும்பத்தின் நினைவைக் காப்பதற்கோ எடுக்கப்படும் படத்தையே இக்கட்டுரையில் வணிகப் புகைப்படம் என்று குறிப்பிடுகிறேன். அத்தகைய படம் கலைப் படைப்பாகுமா, ஆகுமானால் அதைப் படைத்தவருக்குச் சேர வேண்டிய கௌரவம் எது, அந்தக் கௌரவத்தைச் சட்டமும் சமூகமும் கலையுலகமும் இதுவரை எந்த அளவுக்கு வழங்கியிருக்கின்றன என்ற கேள்விகளை, புகைப்படம் பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அதைத் தொழிலாக ஏற்றுக்கொண்ட இந்தத் துறைமுக நகரின் அனுபவத்தைக் கொண்டு பரிசீலிப்பதே என் நோக்கம். பரிசும் பதக்கமும் பாராட்டு விழாவும் அங்கீகாரத்தின் மேல்மாடிகளே என்பதும், படத்தின் அருகில் எடுத்தவர் பெயரைப் போடுவது என்ற எளிய வழக்கமே அதன் அஸ்திவாரம் என்பதும், அந்த அஸ்திவாரம் நம்மிடையே இன்னும் சரிவர இடப்படவில்லை என்பதும் இந்தப் பரிசீலனையில் நான் கண்ட முடிவு.

ஆரம்ப காலத்து ஸ்டூடியோக்கள்

நாகூர் வழியில் வந்தவரும் தமிழ் கற்றவருமான முன்ஷி அப்துல்லா, 1849இல் வெளிவந்த தம் ‘ஹிக்காயத் அப்துல்லா’ என்னும் சுயசரிதையில், வெள்ளி பூசிய தகட்டில் நகரத்தின் உருவம் தானாகவே பதியும் அதிசயத்தை ஒரு மருத்துவர் காட்ட, தாம் கண்டு வியந்ததை வர்ணித்திருக்கிறார். 1839இல் பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட, தகெரோ என்பவரின் தகட்டுப்பட முறை அத்தனை விரைவில் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. 1843ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டன் ஹோட்டல் என்னும் விடுதியை நடத்திவந்த கஸ்தோன் துத்ரோன்குவா, இரண்டு நிமிஷத்தில் உருவப்படம் எடுத்துத் தருவதாகவும், ஒருவர் படத்துக்குப் பத்து டாலர், இருவரைச் சேர்த்து எடுத்தால் பதினைந்து டாலர் என்றும் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். மறு ஆண்டில் பிரெஞ்சுச் சுங்க அதிகாரியான ழூல் இத்தியே எடுத்த தகட்டுப் படங்களில் ஒன்று, சிங்கப்பூரின் எஞ்சியுள்ள மிகப் பழைய புகைப்படங்களுள் ஒன்றாகத் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிகாரியின் சொந்த ஆர்வம் தந்த அந்தப் படத்துக்கு முன்பே விடுதிக்காரரின் விலைப்பட்டியல் வந்துவிட்டதைப் பார்க்கும்போது, இந்த ஊரில் புகைப்படம் பிறந்த நாள் முதலே வணிகத்தோடு பிறந்தது என்று சொல்வதில் மிகையில்லை.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த குஸ்தாவ் ரிச்சர்ட் லாம்பர்ட் 1867இல் இங்கே தொடங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் கம்பெனி, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் கீழ்த்திசையின் பெரிய ஸ்டூடியோக்களில் ஒன்றாக விளங்கியது; சயாம் மன்னரின் ஆதரவைப் பெற்றது; சுமார் மூவாயிரம் காட்சிகளைக் கொண்ட படத்தொகுதி தன்னிடம் உண்டு என்று பெருமை கொண்டது. ஆனால் லாம்பர்ட் 1880களிலேயே ஊரை விட்டுப் போய்விட்டார். அதன் பிறகு வெளிவந்த படங்களை, அவருக்குப் பின் பொறுப்பேற்ற அலெக்ஸாண்டர் கோக்கும் அவருக்குக் கீழிருந்த உதவியாளர்களும் எடுத்திருக்க, அட்டையின் அடியில் பொறிக்கப்பட்ட பெயர் மட்டும் லாம்பர்ட் என்றே நீடித்தது. ஸ்தாபனத்தின் பெயர் நிலைத்து, கைகளின் பெயர் மறைந்த முதல் பெரிய உதாரணம் இது. அதே காலத்து அஞ்சலட்டைகளில் நம் முன்னோரான தமிழ் மாட்டுவண்டிக்காரரும் பால்காரரும் நகையணிந்த பெண்களும் ‘கிளிங்’ என்ற ஒற்றை இழிசொல்லுக்குள் அடக்கப்பட்டு, இனத்தின் மாதிரிகளாக விற்கப்பட்டார்கள் என்பதைத் தமிழ் வாசகர் வேதனையோடு நினைவில் கொள்ள வேண்டும். எடுக்கப்பட்டவருக்கும் பெயரில்லை, எடுத்தவருக்கும் பெயரில்லை. விற்றவருக்கு மட்டும் பெயர் இருந்தது.

இதற்கு மாறான ஒரு காட்சியை ஹில் ஸ்திரீட்டும் லோக் இயூ ஸ்திரீட்டும் சந்திக்கும் மூலையில் காண்கிறோம். லீ கிங் யான், லீ போ யான் என்ற சகோதரர் இருவர் 1910 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே நடத்திய லீ பிரதர்ஸ் ஸ்டூடியோவுக்கு, சீனரும் பெரனாக்கரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஐரோப்பியரும் வந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சுமார் 2,500 கண்ணாடித் தகடுகளைக் குடும்பத்தார் பத்திரமாகக் காப்பாற்றினார்கள். அவை தேசிய ஆவணக் காப்பகத்தின் பாதுகாப்புக்கு வந்தன. 1995இல் கிரெட்சன் லியூ அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு நூல் வெளியிட்டார். அதன் பிறகே, கூலிக்கு எடுத்த குடும்பப் படங்களின் குவியலாக இருந்த அது, ஒரு காலகட்டத்து நகரத்தின் முகமாகவும் இரு கலைஞர்களின் பார்வையாகவும் மதிக்கப்பட்டது. தகடுகள் காக்கப்பட்டதும், காத்தவர்களிடம் எடுத்தவர் பெயர் இருந்ததுமே அந்த மறுவாழ்வுக்குக் காரணம். பிற்காலத்து வணிகப் புகைப்படக்காரரான கோவோ ஷாங்வெய்யின் படங்கள் தேசிய நூலக வாரியத்தை அடைந்து ஆய்வாளர்களுக்குப் பயன்படுவதும் இந்த வகையிலேயே.

கைத்தொழிலா, சிருஷ்டியா?

வாடிக்கையாளர் சொன்னதைச் செய்து கொடுப்பவர் தொழிலாளிதானே, அவரைக் கலைஞர் என்று எதற்காகக் கொண்டாட வேண்டும் என்ற ஆட்சேபம் பழமையானது. அதற்குத் தர்க்கத்தால் விடை சொல்வதை விட, வேலை நடக்கும் இடத்துக்கு வாசகரை அழைத்துச் செல்வதே நல்ல விடையாகும்.

சிராங்கூன் சாலைக் கடைகளில் விற்கப்படும் 916 தங்கத்தில் செய்த ஒரு காசுமாலையைப் படமெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மெருகிட்ட தங்கம் தன் எதிரில் இருப்பதையெல்லாம் காட்டிவிடும். அறையின் கூரையும் ஜன்னலும் கேமராவின் கறுத்த வாயும் எடுப்பவரின் சட்டை நிறமும்கூடக் காசுகளின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே மாலையைச் சுற்றிப் பால்நிறத் தாளால் ஒரு கூடாரம் அமைத்து, விளக்குகளை வெளியே வைத்து, ஒளியைத் தாளில் வடிகட்டி உள்ளே விடுகிறார்கள். அப்படி விட்டதும் வேறொரு சங்கடம் தோன்றுகிறது: எல்லாப் பக்கமும் வெண்மையே சூழ்ந்தால் தங்கம் தன் கனத்தை இழந்து, வெளிறிய பித்தளைபோல் தட்டையாகிவிடுகிறது. இப்போது கறுப்பு அட்டையை விரற்கடை அகலத்துக்கு நறுக்கி, எந்தக் காசின் எந்த விளிம்பில் நிழற்கோடு விழ வேண்டுமோ அந்தக் கோணத்தில் ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். நடுவில் பதித்த கெம்புக்கல் உயிர் பெற, சிறிய கூரிய விளக்கு ஒன்று தனியே வேண்டும். அந்த விளக்கு தங்கத்தைத் தொடாதபடி மறைக்கவும் வேண்டும். முன்வரிசைக் காசு தெளிவாக இருக்கும்போது பின்வரிசைக் காசு மங்குவதால், கேமராவை அசைக்காமல், குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றாக இணைக்கிறார்கள். பருத்திக் கையுறை இல்லாமல் தொட்ட ஒரு விரல்ரேகை, தூரிகைக்குத் தப்பிய ஒரு தூசு, அத்தனையையும் மறுபடி செய்ய வைத்துவிடும். இறுதியில், நம்மவர் கண்ணுக்குப் பழகிய செம்மஞ்சள் எது, விளக்கொளி தரும் பொய் மஞ்சள் எது என்ற தீர்ப்பு இருக்கிறது. அதைக் கற்றுத்தர எந்தக் கருவியாலும் ஆகாது.

இவ்வளவு முடிவுகளும் ஒருவருடைய ரசனையிலிருந்து பிறக்கின்றன. கடைக்காரர் கொடுத்தது மாலையும் கூலியும் மாத்திரமே. பார்ப்பவர் உள்ளத்தில் ஆசையை எழுப்பும் அந்த உருவம் அவர் கொடுத்ததன்று. அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1884ஆம் ஆண்டிலேயே இதை ஒப்புக்கொண்டது. நியூயார்க்கில் ஸ்டூடியோ நடத்திவந்த நெப்போலியன் சரோனி, 1882இல் ஆஸ்கர் வைல்டை எடுத்த உருவப்படம் ஒன்றை, ஒரு லித்தோ அச்சுக் கம்பெனி 85,000 பிரதிகள் அடித்து விற்றது. புகைப்படம் இயந்திரத்தின் வேலை, அதற்கு ஆசிரியர் என்று ஒருவர் இல்லை என்று அக்கம்பெனி வாதித்தபோது, உட்காரவைத்த பாவனையும் உடையின் தேர்வும் திரைச்சீலையின் அமைப்பும் ஒளிநிழலின் பங்கீடும் சரோனியின் மனத்தில் உதித்தவை, ஆதலால் அவரே அதன் ஆசிரியர் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அது கூலிக்கு நடந்த ஸ்டூடியோவில் விற்பனைக்காக எடுத்த படம் என்பது இங்கே முக்கியம். சிருஷ்டித் தன்மைக்கும் வியாபாரத்துக்கும் பகை இல்லை என்பது நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நிலைநாட்டப்பட்ட உண்மையாகும்.

பதக்கங்களும் பட்டியல்களும்

1950கள் முதல் சிங்கப்பூரில் புகைப்படத்துக்குக் கிடைத்த கௌரவம் பெரும்பாலும் சங்கங்களின் வழியாக வந்தது. போட்டிக் கண்காட்சிகளுக்குப் படம் அனுப்பி, உலகச் சங்கங்களிடமிருந்து பட்டங்கள் பெற்ற அந்தத் தலைமுறையில், படகோட்டியும் விடியலும் கலந்த காட்சியை 1957இல் எடுத்த யிப் சியோங் ஃபன் போன்றவர்கள் வேறு தொழிலில் பிழைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கலையைப் பயின்றவர்கள். 1979இல் அரசாங்கம் நிறுவிய கலாசாரப் பதக்கம் 1980களில் அவரைப் போன்ற பலருக்கு வழங்கப்பட்டது. அவர்கள் எல்லோரும் அதற்கு முற்றிலும் தகுதியானவர்களே. ஆயினும் ஓய்வு நேரத்துப் படம் கலை, தொழில் நேரத்துப் படம் கூலி என்ற பிரிவினை அந்தக் காலத்தில் பலர் மனத்தில் வேரூன்றியது.

அந்தப் பிரிவினையைத் தம் வாழ்க்கையாலேயே தகர்த்தவர் சுவா சூ பின். 1932இல் பிறந்த இவர் விளம்பரத் துறையில் தேர்ந்தவர். சரோங் கெபாயா அணிந்த விமானப் பணிப்பெண்ணின் உருவத்தை உலகம் முழுவதும் சிங்கப்பூரின் அடையாளமாக்கிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விளம்பரங்களுக்குப் படம் எடுத்தவர். அதே கைகளால் 1980களில் முதிய சீன ஓவிய மேதைகள் பதினால்வரைத் தேடிச் சென்று, அவர்களோடு பழகி, அவர்கள் வாழ்வையும் தூரிகையையும் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தார். 1988இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. விளம்பரத்துக்காகக் கற்ற ஒளியறிவும் பொறுமையும் இல்லாவிட்டால் அந்த ஓவியர்களின் முகங்கள் அப்படி அமைந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறவர், தொழிலையும் கலையையும் பிரிக்கும் சுவர் எத்தனை பலவீனமானது என்பதை உணர்வார்.

அடுத்த தலைமுறையில், 1973இல் பிறந்து நியூயார்க்கிலும் சிங்கப்பூரிலும் விளம்பரப் படங்கள் எடுத்துவந்த ஜான் கிளாங், 2010இல் அதிபர் வடிவமைப்பு விருதில் ஆண்டின் சிறந்த வடிவமைப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பட்டம் பெற்ற முதல் புகைப்படக்காரர் அவரே. திரைநட்சத்திரங்களின் உருவப்படங்களால் பிரசித்தி பெற்ற ரஸ்ஸல் வோங்கின் படங்களைச் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் 2005இல் தனிக் கண்காட்சியாக வைத்தது. ஆப்ஜெக்டிஃப்ஸ் என்னும் புகைப்பட நிலையம் 2003இலும், சிங்கப்பூர் சர்வதேசப் புகைப்பட விழா 2008இலும், பழைய கப்பல் கொள்கலன்களால் கட்டிய டெக் கூடம் 2014இலும் தோன்றி, புகைப்படத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் ஓர் இடத்தை உண்டாக்கின.

விளம்பர உலகத்துக்கென்று வேறு பரிசுகள் இருக்கின்றன. வடிவமைப்பாளர்களும் டேவிட் பெய்லி போன்ற புகைப்படக்காரர்களும் சேர்ந்து 1962இல் லண்டனில் அமைத்த டி அண்டு ஏடி, பிரான்ஸின் கேன்ஸ் லயன்ஸ், சிங்கப்பூரின் கிரியேட்டிவ் சர்க்கிள் பரிசுகள் ஆகியவை அத்தகையவை. இவற்றில் மேடையேறிப் பரிசு வாங்குவது பெரும்பாலும் விளம்பர ஏஜென்ஸி. புகைப்படக்காரர் பெயர், பங்குபெற்றோர் பட்டியலில் ஒரு வரியாக இருக்கும். அந்த ஒரு வரியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வால்டர் லூர்ட்ஸர் 1984இல் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ சஞ்சிகை, உலகத்து விளம்பரங்களை அச்சிடும்போது அவற்றின் அருகிலேயே படமெடுத்தவர் பெயரையும் அச்சிட்டது. உலகின் சிறந்த விளம்பரப் புகைப்படக்காரர் இருநூறு பேரைத் தொகுத்துத் தனி மலர்கள் வெளியிட்டது. தொலைதூரத்திலுள்ள ஏஜென்ஸிகள் ஒரு புகைப்படக்காரரைக் கண்டுபிடித்து அழைப்பதற்கு அந்தச் சிறிய எழுத்துகளே வழியாயின. பெயர் வந்ததால் அடுத்த வேலை வந்தது. அடுத்த வேலையால் ஸ்டூடியோ பிழைத்தது. அங்கீகாரம் புகழ்ச்சி மாத்திரமன்று, ஜீவனமும் அதில் அடங்கியிருக்கிறது.

தமிழகத்தில் சென்னையைச் சேர்ந்த ஷரத் ஹக்சர் இந்த உண்மைக்கு வேறொரு முகத்தைக் காட்டினார். விளம்பரப் படங்களில் பேர்பெற்ற அவர், 2005இல் கோகா கோலாவின் சின்னம் எழுதிய சுவருக்கு முன்னால் வறண்ட அடிகுழாயும் காலிக் குடங்களும் நிற்கும் படத்தைச் சென்னையில் பெரிய பலகையாக வைத்தபோது, அந்நிறுவனம் சட்ட நடவடிக்கை எடுப்பதாக எச்சரித்தது. விளம்பரத்தின் மொழியை முழுமையாக அறிந்த ஒருவர் அதே மொழியில் தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொன்னார். ஊர் அதைக் கேட்டது, ஏனெனில் சொன்னவர் யார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. 2001இல் இக்பால் முகமது தம் மனைவி அனுராதாவோடு ஊட்டியில் தொடங்கிய லைட் அண்டு லைஃப் அகாடமி, இத்தொழிலை முறையான கல்வியாக்கி, கைப்பழக்கமாக இருந்ததைச் சாஸ்திரமாகவும் பயிலலாம் என்று காட்டியது.

சட்டம் நடந்து வந்த பாதை

சமூகத்தின் மனோபாவம் எத்தகையதோ அத்தகையதாகவே சட்டமும் நெடுங்காலம் இருந்தது. 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம், நெகட்டிவ் எடுக்கப்பட்டபோது அது யாருக்குச் சொந்தமாயிருந்ததோ அவரையே படத்தின் ஆசிரியராகக் கருதியது. விலை கொடுத்து எடுக்கச் சொன்ன படமானால், எடுக்கச் சொன்னவருக்கே முதல் உரிமை என்றது. கண்ணாடித் தகட்டின் உடைமையை வைத்து ஆசிரியரைத் தீர்மானித்த அந்தச் சட்டமே சிங்கப்பூரில் 1987 வரை நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலும், கூலிக்கு எடுத்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவருக்கே போயிற்று. எழுத்தாளர் ஒருவரிடம் பணம் கொடுத்துக் கட்டுரை எழுதி வாங்கினால் உரிமை எழுதியவரிடமே தங்கும். புகைப்படக்காரரிடம் பணம் கொடுத்துப் படம் எடுத்து வாங்கினால் உரிமை கைமாறிவிடும். ஒரே சட்டத்துக்குள் இரண்டு படைப்பாளிகளுக்கு இரண்டு நீதி இருந்தது.

பிரிட்டன் தன் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வேற்றுமையை நீக்கியது. ஆஸ்திரேலியா 1998இல், குடும்பத் தேவைக்கு எடுத்த படங்களை விலக்கி, மற்றவற்றின் உரிமையைப் புகைப்படக்காரருக்குத் திருப்பியது. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, இரண்டு மாற்றங்கள் புகைப்படக்காரர் வாழ்வைத் தொட்டன. முதலாவது, கூலிக்கு எடுக்கும் புதிய படங்களின் உரிமை, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, எடுத்தவருக்கே சேரும். இரண்டாவது, ஒரு படைப்பைப் பொதுவெளியில் பயன்படுத்துவோர் அதைப் படைத்தவர் யார் என்பதைத் தெளிவாகவும் ஓரளவு எடுப்பாகவும் தெரிவிக்க வேண்டும். படைப்பாளி அதைத் தம் உரிமையாகக் கோரலாம். துத்ரோன்குவாவின் விளம்பரத்திலிருந்து இந்த விதி வரை வந்து சேர 178 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, விலை கொடுத்து எடுக்கச் சொன்னவரையே இன்றும் முதல் உரிமையாளராக்குகிறது. ஆனாலும் 57ஆவது பிரிவின்படி, படைத்தது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரை விட்டுப் போவதில்லை. மலேசியாவிலும் ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே. பாலத்தைக் கடந்து ஜோகூருக்குப் போய் வேலை செய்யும் சிங்கப்பூர்ப் புகைப்படக்காரர், கடற்பாலத்தின் இரு கரைகளிலும் இரு வேறு நிலையில் நிற்கிறார் என்பதை அவரும் அவருடைய வாடிக்கையாளரும் அறிந்திருப்பது நல்லது.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே நுழைய இன்னும் பலருக்குத் தைரியம் வரவில்லை. எல்லா உரிமைகளையும் ஒப்படைத்துவிடுவதாக முன்கூட்டியே அச்சிட்ட தாளைப் பெரிய வாடிக்கையாளர் நீட்டும்போது, மாத வாடகை கட்ட வேண்டிய தனிப் புகைப்படக்காரர் வாசிக்காமலே கையொப்பம் இடுகிறார். பெயர் போடும் உரிமையையும் சம்மதத்தால் விட்டுக்கொடுக்கக் கூடும் என்பதால், அதுவும் அந்தத் தாளிலேயே போய்விடுகிறது. சுயதொழில் செய்வோரோடு எழுத்து மூலம் நிபந்தனைகளை முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2018இல் வகுக்கப்பட்ட முத்தரப்புத் தரநிலையும், 2019 முதல் 20,000 டாலர் வரையிலான, இரு தரப்பும் இசைந்தால் 30,000 டாலர் வரையிலான வழக்குகளை ஏற்கும் சிறு கோரல் நடுவர் மன்றமும் இத்தொழிலாளருக்குத் துணையாக உள்ளன. அவற்றைப் பற்றிய அறிவு சிராங்கூன் சாலையின் சிறிய ஸ்டூடியோக்களுக்கும் எட்ட வேண்டும்.

ஒரு வழக்கும் ஒரு புதிய அபாயமும்

சிங்கப்பூரில் வளர்ந்து, 2006ஆம் ஆண்டு மெல்பர்ன் காமன்வெல்த் விளையாட்டில் துப்பாக்கி சுடுதலில் நம் நாட்டுக்கு வெண்கலப் பதக்கம் பெற்றுத் தந்து, பிறகு ஃபேஷன் புகைப்படக்காரராக உலகப் பெயர் எடுத்த ஜாங் ஜிங்னாவின் வழக்கு, இக்கட்டுரையின் கேள்விகள் அனைத்தையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. வியட்நாமின் ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ சஞ்சிகைக்காக 2017இல் அவர் எடுத்த ஒரு படத்தின் பாவனையையும் அமைப்பையும் இடம் வலமாகத் திருப்பிக் கிட்டத்தட்ட அப்படியே வரைந்த லக்ஸம்பர்க் ஓவியர் ஒருவர், 2022இல் தம் நாட்டில் ஒரு கண்காட்சியில் 1,500 யூரோ பரிசு பெற்றார். ஜாங் வழக்குத் தொடுத்தார். அந்தப் பாவனை முன்பும் பலர் கையாண்டதே, படத்தில் தனித்தன்மை நிரூபிக்கப்படவில்லை என்று 2022 டிசம்பரில் கீழ்நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். 2024 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியது. சரோனியின் வழக்கில் 1884இல் முடிந்துவிட்டதாக நாம் எண்ணிய வாதத்தை, ஒரு வணிகப் புகைப்படக்காரர் 140 ஆண்டுகள் கழித்து இன்னொரு தேசத்தில் மீண்டும் நடத்தி வெல்ல வேண்டியிருந்தது.

அதே ஜாங், படங்களைத் தின்று படங்களை உமிழும் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்கு எதிராக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்குகளிலும் வாதியாக இருக்கிறார். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் பெயருக்கு உரிமை தந்த அதே கையால், சட்டபூர்வமாகக் கிடைத்த படைப்புகளைக் கணினிப் பகுப்பாய்வுக்காகப் பிரதி எடுக்கலாம் என்றும் அனுமதி தந்திருக்கிறது. அந்த அனுமதியை ஒப்பந்தத்தாலும் விலக்க முடியாது. ஆராய்ச்சிக்கும் தொழில் வளர்ச்சிக்கும் அது அவசியம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஆயிரம் புகைப்படக்காரர்களின் ஒளியமைப்பை உண்டு வளர்ந்த இயந்திரம் காசுமாலை அணிந்த மணமகள் ஒருத்தியை நொடியில் வரைந்து தரும்போது, அந்த ஆயிரம் பெயர்களில் ஒன்றுகூட அங்கே எஞ்சாது. 2023இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியர், இயந்திரம் ஆக்கிய படத்துக்குக் கிடைத்த சோனி உலகப் புகைப்படப் பரிசை ஏற்க மறுத்து, இயந்திரப் படத்தையும் புகைப்படத்தையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்று அறிவித்தார். ஒரு கலைஞர் பரிசை மறுத்து எழுப்பிய இந்தக் கேள்விக்குப் பரிசளிப்போர் விடை கண்டாக வேண்டும்.

லிட்டில் இந்தியா செய்யக்கூடியது

கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியாவின் வண்ண வீட்டைப் படமெடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. தீபாவளி ஒளியலங்காரம் தொடங்கினால் சிராங்கூன் சாலை முழுவதும் கேமராக்களே. இப்பேட்டையின் காட்சிகள் உலகெங்கும் செல்கின்றன. ஆனால் இங்கேயே கடை வைத்து, பாஸ்போர்ட் படம் முதல் கல்யாண ஆல்பம் வரை எடுத்து, ஊரிலுள்ள தாய்க்கு அனுப்பப் புதுச்சட்டையோடு வந்து நின்ற தொழிலாளியை மாலையும் திரையும் வைத்து ராஜகம்பீரமாக்கிக் கொடுத்த தமிழ் ஸ்டூடியோக்காரர்களின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. லீ சகோதரர்களின் தகடுகளுக்குக் கிட்டிய வாழ்வு அவர்களுடைய நெகட்டிவ்களுக்கும் கிட்ட வேண்டுமானால், கடை மூடும் நாளில் அவை குப்பைக்குப் போவதற்கு முன்பே, 2015 முதல் கேம்பல் லேனில் இயங்கும் இந்திய மரபுடைமை நிலையமும் தேசிய ஆவணக் காப்பகமும் அவற்றைத் தேடிப் பெற வேண்டும். குடும்பங்கள் மனமுவந்து கொடுக்க வேண்டும். எடுத்தவர் யார், எந்த ஆண்டு, யாருக்காக என்ற மூன்று விவரங்களையும் இப்போதே எழுதி வைத்தால்தான், பின்னால் வரும் ஆராய்ச்சியாளருக்கு அவை சரித்திரமாகப் பயன்படும்.

அடுத்து, பத்திரிகைகளும் கோயில் மலர்களும் சங்கச் சிறப்பிதழ்களும் கைவிட வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. ‘படம்: இணையம்’ என்று அச்சிடுவது நம்மிடையே சர்வசாதாரணமாகிவிட்டது. இணையம் படம் எடுப்பதில்லை. எடுத்தவர் ஒரு மனிதர். அவரைத் தேடிக் கண்டு, அனுமதி பெற்று, பெயரைப் போடுவது சட்டத்தின் கட்டளை என்பதோடு, எழுத்தை மதிக்கும் இனம் காட்சியையும் மதிக்கிறது என்பதற்குச் சாட்சியும் ஆகும். கட்டுரையாளர் பெயரைத் தடித்த எழுத்தில் போடும் ஆசிரியர், படத்துக்கு உரியவர் பெயரை விட்டுவிடுவதற்கு நியாயமான காரணம் ஏதும் இல்லை.

விளம்பரப் படத்தின் ஓரத்தில் பெயர் போட்டால் அழகு கெடும் என்றும், அது பலர் கூடிச் செய்த வேலை, ஒருவர் பெயரை மட்டும் போடுவது அநீதி என்றும் சொல்வார்கள். இரண்டாவது ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. ஒப்பனையாளரும் உடையலங்காரரும் கணினியில் படத்தைச் செப்பனிடுபவரும் சேர்ந்தே அந்த உருவத்தை உண்டாக்குகிறார்கள். அப்படியானால் எல்லோர் பெயரையும் போடுவதே தர்மம்; சினிமா நூறு பேர் பெயரைப் போட்டும் அழகு கெட்டுப் போய்விடவில்லை. அச்சுப் பலகையில் இடம் குறைவு என்றால், கடையின் சமூக ஊடகப் பக்கத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. நகைக் கடைக்காரரும் ஜவுளிக் கடைக்காரரும் தங்கள் பொற்கொல்லரையும் நெசவாளரையும் பெருமையோடு குறிப்பிடுவதுபோல் படமெடுத்தவரையும் குறிப்பிட்டால், அவர்களுக்கு ஒரு காசும் செலவில்லை. ஓர் இளைஞருக்கோ அது தொழிலில் நிலைபெறும் வழியாகிறது.

புகைப்படக்காரரின் பங்கும் இதில் உண்டு. எதற்குப் பயன்படும் படம், எத்தனை காலம், உரிமை யாருக்கு, பெயர் எவ்விதம் வரும் என்ற நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி, வேலை தொடங்குமுன் இரு தரப்பும் கையொப்பமிடும் வழக்கத்தை அவர்கள் தமக்குள் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். கல்யாணப் படங்களைப் பொறுத்தமட்டில், உரிமை சட்டப்படி தம்மிடம் இருந்தாலும், குடும்பத்தின் அந்தரங்கத்தைக் காப்பது தம் கடமை என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுத வேண்டும். பிறர் தம்மை மதிக்க வேண்டும் என்று கேட்பவர், தம் கேமராவின் முன் நிற்பவரை மதிப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். லாம்பர்ட் காலத்து அஞ்சலட்டைகளின் தவற்றை நாம் திரும்பச் செய்யலாகாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால், சிங்கப்பூரில் வணிகப் புகைப்படக் கலைக்குச் சட்டத்தின் அங்கீகாரம் 2021இல் வந்துவிட்டது. கலையுலகின் அங்கீகாரம் சுவா சூ பின், ஜான் கிளாங் போன்ற சிலருக்கு முழுமையாகவும் மற்றவர்களுக்கு அரைகுறையாகவும் வந்திருக்கிறது. அன்றாட சமூகத்தின் அங்கீகாரமே இன்னும் வராதது. அதை எந்த அரசாங்கமும் எந்தப் பரிசுக் குழுவும் நமக்காகக் கொண்டுவந்து தர இயலாது. படத்தை வாங்குகிறவரும் அச்சிடுகிறவரும் பகிர்கிறவரும், எடுத்தவர் யார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டு, அறிந்த பெயரை ஒவ்வொரு முறையும் எழுதினால், ஒரு தலைமுறைக்குள் இந்தக் குறை நீங்கிவிடும். அப்போது பதக்கம் பெறத் தகுதியானவரைத் தேடிக் குழுக்கள் அலைய வேண்டியிருக்காது; அவர்கள் பெயர்கள் ஏற்கெனவே மக்கள் நாவில் இருக்கும்.